அகராதி பிடித்தவர்

ஓய்வு பெற்ற ஆறு மாதத்தில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு ஆன்மிகம் வரும். நம்மவருக்கு ஆங்கிலம் வரும். அதற்கு முன்பும் வராமல் இல்லை. 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்று ஆரம்பித்து 'ஃபார் நெசஸரி ஆக்‌ஷன்' என்று முடியும் இலாகா ஆங்கிலமாக, இருநூறு சொல்லுக்குள் முப்பது வருஷம் கட்டுண்டு கிடந்தது. பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்த அன்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்பு அங்கே வாங்கிய நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' அவரிடம் இருக்கிறது. 1949-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் ஏராளம். முடித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். தன்னலக்காரன், கூச்ச சுபாவி, மனித குலத்தையே வெறுப்பவன் என்று ஆள் வகைகளில் ஆரம்பித்து, அடுத்து டாக்டர் வகைகளுக்குப் போவார் லூயிஸ். பழைய பிரதி எதைப் பிரித்தாலும் பென்சில் கோடு டாக்டர்களோடு நின்றுபோயிருக்கும். நம்மவர் டாக்டர்களைத் தாண்டியவர். கடைசிப் பக்கம்வரை விடை எழுதி, தனக்குத்தானே மார்க்கும் போட்டுக்கொண்டவர். ரீடர்ஸ் டைஜஸ்டில் 1945 முதல் வந்த சொல்வளப் பக்கத்தையும் கையில் கிடைத்த இதழிலிருந்தெல்லாம் கத்தரித்து பைண்டு செய்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தின் பின்னால் அச்சான கதைகள் எப்படி முடிந்தன என்பது அவர் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் சொல்லுக்கும் வரவு செலவு உண்டு. எல்.ஐ.சி. டைரியில் இடப்பக்கம் வரவு: சொல், பொருள், படித்த தேதி. வலப்பக்கம் செலவு: யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில். செலவாகாத சொல் நிலுவையில் நிற்கும். நிலுவை ஏறினால் அவருக்குத் தூக்கம் வராது. மறுநாள் அவரிடம் மாட்டுகிறவருக்கு விமோசனம் கிடையாது.

நாள்பட்ட நிலுவை ஒன்று உண்டு: 'டிஃபெனஸ்ட்ரேஷன்'. ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவதற்கென்றே ஏற்பட்ட சொல். 1618-ல் பிராக் கோட்டையில் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் அப்படி எறிந்ததில்தான் முப்பதாண்டுப் போர் மூண்டது. மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். கோப்பு எழுதிக்கொண்டிருந்தவனை எதற்குச் சேர்த்து எறிந்தார்கள் என்பது மட்டும் நம்மவரை இன்னும் உறுத்துகிறது. மற்றபடி, எல்லா ஜன்னலுக்கும் இரும்பு கிரில் போட்ட குடியிருப்பில் இந்தச் சொல்லைச் செலவழிக்க அவரால் என்ன செய்ய முடியும்?

'பெட்ரிகோர்' விஷயத்தில் வானமாவது கைகொடுத்தது. வறண்ட மண்ணில் முதல் மழை விழும்போது எழும் வாசனைக்கு, ஆஸ்திரேலியாவில் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1964-ல் வைத்த பெயர். சித்திரையில் வரவு வைத்துவிட்டு அக்னி நட்சத்திரம் முழுக்கக் காத்திருந்தார். ஒருநாள் பிற்பகல் சடசடவென்று இறங்கியது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று, மூச்சை இழுத்துக் கண்ணை மூடி, "பெட்ரிகோர்!" என்றார்.

வடகத்தை அள்ளிக்கொண்டிருந்த மனைவிக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. "பேட்டரி கோளாறா? இன்வர்ட்டரை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல வந்து இந்த வேட்டியோட அந்த முனையைப் பிடிங்க!"

டைரியில் 'செலவு' என்று எழுதுவதா, 'நஷ்டம்' என்று எழுதுவதா என்று அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்தார்.

அவர் அடங்கிப்போவது டாக்டர்களிடம் மட்டும்தான். 'போர்போரிக்மஸ்' என்று கம்பீரமாக ஆரம்பித்தால், "வயிறு கடமுடாங்குதா? எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க" என்று தமிழில் முடித்து அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரித்தது. 'இடியோபதிக் அர்டிகேரியா' என்றார் தோல் டாக்டர். அரிப்பு அப்படியேதான் இருந்தது; ஆனாலும் ஒரே நாளில் இரண்டு சொல் வரவாயிற்றே! வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால், 'இடியோபதிக்' என்றால் காரணம் தெரியாதது என்று போட்டிருந்தது. 'தெரியாது' என்பதைக் கிரேக்கத்தில் சொல்ல ஐந்நூறு ரூபாய் வாங்கிய அந்த டாக்டர்மேல் அவருக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.

2017-ல் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று எழுத, ஊரெல்லாம் அகராதியைத் தேடி ஓடியபோது நம்மவருக்கும் ஒரு வாழ்வு வந்தது. மறுவருஷம் அதே தரூர், ஒன்றுக்கும் உதவாது என்று ஒரு பொருளைத் தள்ளிவைப்பதைக் குறிக்கும் 29 எழுத்துச் சொல்லை எடுத்துவிட்டார்: ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன். அதுவரை இவரைக் கண்டால் பாதை மாறி நடந்த வாக்கிங் நண்பர்கள் தாமாக வந்து அர்த்தம் கேட்டார்கள். "இது என் டைரில எப்பவோ ஏறிடுச்சு" என்று தேதியோடு காட்டினார். பெருமைதான். ஆனால், தான் செலவழிக்க வேண்டிய சொல்லை ஒரு எம்.பி. செலவழித்துவிட்டாரே என்ற வயிற்றெரிச்சல் தீர ஒரு மாதம் ஆயிற்று.

இத்தனைக்கும் அவருடைய சொற்களில் பாதி வசவுச் சொற்கள். அக்கம்பக்கத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர் இல்லை. அவரைப் பகைத்துக்கொண்டவரும் இல்லை. குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் இது நிரூபணமாயிற்று.

சங்கச் செயலாளருக்கு மோட்டார், சம்ப், லிஃப்ட், வாஸ்து எல்லாவற்றிலும் கருத்து உண்டு. எதிலும் பழக்கம் கிடையாது. அன்று மோட்டாரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மூன்றாம் மாடிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "உமக்கு மோட்டாரைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் ரெண்டுபட்டது.

நம்மவர் எழுந்தார். கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸ் வரைந்த படத்தில் செருப்புச் சரியில்லை என்று ஒரு செருப்புத் தொழிலாளி சொல்ல, ஓவியர் திருத்தினாராம். அந்தத் தைரியத்தில் தொழிலாளி படத்திலிருந்த காலையும் குறை சொல்ல, 'செருப்போடு நிறுத்திக்கொள்ளும்' என்றாராம் ஓவியர். அந்தக் கதையை வைத்துப் பிறந்த சொல் 'அல்ட்ராக்ரெபிடேரியன்'; தனக்குத் தெரியாததிலெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவர் என்று பொருள். 1819-ல் ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், பத்திரிகாசிரியர் கிஃபர்டை இதை வைத்துத்தான் விளாசினார். நம்மவருடைய டைரியில் அது இரண்டு வருஷ நிலுவை. செயலாளர் பக்கம் கையை நீட்டி, "ஹி ஈஸ் அன் இன்காம்பரபிள் அல்ட்ராக்ரெபிடேரியன்!" என்று முழங்கினார்.

செயலாளர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார். ஸ்பெல்லிங் மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா மினிட்ஸ்ல ஏத்திடலாம்."

தப்பான ஸ்பெல்லிங்கோடு அது மினிட்ஸில் ஏறுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் செயலாளர் பெயருக்கு முன்னால் அது பட்டமாக ஏறியது. மூன்றாம் மாடிக்காரரின் பார்க்கிங் குப்பைத் தொட்டியோரம் மாறியது.

இந்த வருஷம் நம்மவர்தான் சங்கத்தின் துணைத் தலைவர். முன்மொழிந்தவர் செயலாளர், தேர்வு ஏகமனதாக நடந்தது. ஏற்புரையில் அங்கத்தினர்களின் 'ஓவைன்' ஒற்றுமையை நெஞ்சாரப் பாராட்டினார். செம்மறியாட்டுக்குரிய குணத்தைக் குறிக்கும் சொல் அது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.