விடாக்கண்டர்

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் நீங்களும் நானும் பொருளைப் பார்ப்போம். விடாக்கண்டர் எண்ணைப் பார்ப்பார். ஒன்றாம் எண் எங்கே என்று தேடிப் பிடிப்பார். அதன் முன் நின்று, பக்கத்துப் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை படிப்பார். கையிலுள்ள வரைபடத்தில் ஒரு டிக் அடித்த பிறகுதான் இரண்டுக்கு நகர்வார். டென்மார்க்கில் டேனிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தால் இரண்டையும் பார்ப்பார். "உங்களுக்குத்தான் டேனிஷ் தெரியாதே?" என்றால், "இதுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட்?" என்பார்.

என் சகலை இந்த வம்சம். தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் பேரேட்டில் டிக் அடித்த கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா? ஒரு ஜூன் மாதம் நாங்கள் இருவரும், எங்கள் மனைவிமாராகிய அக்கா தங்கையும், கோபன்ஹேகனிலிருந்து ரோஸ்கில்டேவுக்கு ரயிலேறினோம். அரை மணிக்கும் குறைவான பயணம். கோபன்ஹேகனுக்கு முன்பே அரசர்கள் வாழ்ந்த ஊர். இறங்கியதும் ஊருக்குள் போயிருக்கலாம். 1847-இல் திறந்த அந்தப் பாதைதான் இன்றைய டென்மார்க்கின் முதல் ரயில் பாதை என்று சகலை எங்கேயோ படித்துத் தொலைத்திருந்தார். ஸ்டேஷனைச் சுற்றிப் பார்க்கவே இருபது நிமிஷம் போயிற்று.

"இருட்டிடும், வாங்க போகலாம்" என்று சொல்லி இப்படிப்பட்டவர்களைக் கிளப்பிக் கொண்டுபோவது நம் ஊர் வழக்கம். டென்மார்க்கில் ஜூன் மாதம் அது செல்லுபடியாகாது. சூரியன் இரவு பத்து மணி வரை விடாக்கண்டர் கட்சி.

முதலில் பேராலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆரம்பித்த செங்கல் கட்டடம். 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. டென்மார்க்கின் அரசர்கள், அரசிகள் என்று நாற்பது பேர் அளவில் இங்கே அடக்கம். அந்த 'நாற்பது' என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. சகலை சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார்.

உள்ளே ஒரு பழைய கடிகாரம் உண்டு. மணிக்கொரு தரம் குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜ், காலடியில் கிடக்கும் டிராகனைத் தாக்குவார். அது கீச்சென்று கத்தும். பதினொரு மணிக்கு அது கத்தியபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சகலை மட்டும் குனிந்திருந்தார். டிராகன் எப்படிக் கத்துகிறது என்று எழுதியிருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சத்தம்?"

"டிராகன்."

"ஐயையோ! அடுத்தது எப்போ?"

"பன்னிரண்டுக்கு."

"அப்ப இருந்துதான் பாக்கணும்" என்றார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஐஸ்கிரீம் கடை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டே வெளியேறினார்கள். திருமணமாகி எத்தனையோ வருஷம். அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பதைச் சரிபார்த்தோம். நான்காம் கிறிஸ்டியன் அடங்கியிருக்கும் சிற்றாலயத்தில் சகலையின் குரல் கொஞ்சம் இளகியது. 1620-இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை எழுந்தது இந்த அரசரின் ஆட்சியில்தான். இடம் கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர்.

"வருஷா வருஷம் நாயக்கருக்குப் பணம் கட்டறதா ஒப்பந்தம், சகலை" என்றார்.

"ஆமாம்."

"ஒழுங்காக் கட்டினாங்களான்னு யார் பாத்தா?"

கல்லறைக்குள் அரசர் புரண்டு படுத்திருப்பார்.

முதலாம் கிறிஸ்டியனின் சிற்றாலயத்தில் ஒரு தூண். வந்துபோன மன்னர்களின் உயரத்தைக் கோடு போட்டுச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் கதவு நிலையில் பென்சிலால் பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்போமே, அதேதான். ரஷ்யாவின் மகா பீட்டர் 208 சென்டிமீட்டர். அவருக்கும் மேலே முதலாம் கிறிஸ்டியன், 219-க்கும் மேல். ஆனால் அரசரின் எலும்புகளை அளந்தபோது அவ்வளவு உயரமில்லை என்று தெரிந்ததாம். சகலை முகத்தில் அன்றைய முதல் புன்னகை. "நான் அப்பவே நினைச்சேன். இது ஜோடனைக் கணக்கு" என்றார். ஐந்நூறு வருஷத்துப் பொய்யை ஒருவர் பிடித்ததில், அதே தொழில் செய்த இன்னொருவருக்கு அத்தனை ஆனந்தம்.

பன்னிரண்டு அடித்தது. டிராகன் கத்தியது. டிக்.

மதியம் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம். ஃபியோர்டு என்னும் கடற்கால் ஓரத்தில், நீரைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவரோடு 1969-இல் திறந்த கூடம். எதிரிக் கப்பல்கள் ரோஸ்கில்டேவை நெருங்காமலிருக்க, 1070 வாக்கில் பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி ஃபியோர்டின் நீர்ப்பாதையில் மூழ்கடித்தார்கள். 1962-இல் அந்த இடத்தைச் சுற்றி அணை கட்டி, நீரை இறைத்துவிட்டு, மரத்தைத் துண்டு துண்டாக அள்ளினார்கள். இப்போது அந்தத் துண்டுகளை இரும்புச் சட்டங்களில் பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். கருத்துச் சுருங்கிய பலகைகள். இல்லாத பாகத்துக்குக் கம்பி கோடு போட்டுக் காட்டுகிறது. மீன் தின்ற பிறகு தட்டில் மிஞ்சும் முள் மாதிரி. அதற்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் அதே தண்ணீர். எனக்குப் பேச்சு வரவில்லை.

சகலைக்கு வந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு. நாலு எங்கே?"

கூடத்தை மறுபடி சுற்றினார். கழிப்பறைப் பக்கம்கூட எட்டிப் பார்த்தார். வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் பணியில் இருந்த ஓர் இளம்பெண்ணிடம் போய், மிகுந்த மரியாதையோடு, நாலாவது கப்பலைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார்.

அந்தப் பெண் சிரிக்காமல் விளக்கினாள். தோண்டும்போது ஆறு கப்பல் என்று நினைத்து ஆறு எண் கொடுத்தார்களாம். பிறகு துண்டுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நாலு என்பது தனிக் கப்பலே இல்லை. இரண்டாம் எண் போர்க்கப்பலின் பாகம். டப்ளினில் 1042-இல் கட்டிய, முப்பது மீட்டர் நீளக் கப்பல் அது. கடலடியில் அது அத்தனை தூரம் கிடந்ததால் இரண்டென்று எண்ணிவிட்டார்கள். எண்ணை மட்டும் மாற்றவில்லை.

சகலை வெகுநேரம் யோசித்தார். பிறகு நோட்டில் நாலுக்கு நேராக எழுதினார்: '2-இல் சேர்த்துக் காட்டப்பட்டுள்ளது.' கீழே சுருக்கொப்பம்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்களோடு அன்று அந்தக் கூடத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன், வாயைப் பிளந்துகொண்டு. மூன்றுக்கு அப்புறம் ஐந்து வருவது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த மரத்துண்டுகளை வருஷக்கணக்கில் கோத்தவர்களும் இவர் ஜாதிக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. நம்மைப் போன்றவர்கள் கையில் கொடுத்திருந்தால், "ஆகா, எவ்வளவு பழசு!" என்று விறகுக்கட்டாக வைத்துவிட்டு வந்திருப்போம்.

மரியாதை வேறு, கால்வலி வேறு. வெளியே போகும் வழியில் இன்னொரு பலகை என் கண்ணில் பட்டது. 1990-களில் இந்த அருங்காட்சியகத்தை விரிவாக்கத் தோண்டினார்களாம். கப்பல்களைக் காட்டுவதற்காகத் தோண்டிய இடத்தில், மண்ணுக்கடியில் இன்னும் ஒன்பது கப்பல்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் வேறு.

சகலை பின்னால் வந்துகொண்டிருந்தார். வெளியே அக்காவும் தங்கையும் மூன்றாவது ஐஸ்கிரீமை முடித்துவிட்டுக் கையாட்டினார்கள். விடாக்கண்டனுக்கு ஏற்ற கொடாக்கண்டனாக ஒரே ஒரு நிமிஷம் இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். பலகையில் முதுகைச் சாய்த்து, வானத்தைப் பார்த்து, "என்ன வெயில் பாருங்க சகலை" என்றேன். அவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்.

ரயில் கோபன்ஹேகனை நெருங்கியது. பெண்கள் தூங்கிவிட்டார்கள். சகலை நோட்டைப் புரட்டி முடித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"சகலை, வெளிய வர்றப்போ ஒரு பலகையை மறைச்சுக்கிட்டு நின்னீங்களே..."

"எது?"

"அதான் கேக்கறேன். அதுல என்ன எழுதியிருந்துச்சு? நாளைக்கு முதல் ரயில் எத்தனை மணிக்கு?"