கருப்பியின் பதவி பறிபோன கதை

புதுக் கோழி வாங்கி வந்தால் ஒரு மாதமாவது பழைய கோழிகளோடு சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும் என்று கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்: "கொரோனாவுக்கே பதினாலு நாள்தானடா அடைச்சு வச்சாங்க? கோழிக்கு என்னத்துக்கு ஒரு மாசம்?"

கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் வெள்ளைக்கழிச்சலுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம். வந்துவிட்டால் மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கோழிகள் என்றால் கூட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போகும். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டுபிடித்தார்கள். மறு வருடமே நம் ராணிக்கேத்தில் தென்பட்டது. இரண்டு ஊர்க்காரர்களும் பாவம், அன்றிலிருந்து அந்தச் சீக்குக்குப் பெயர் கொடுத்தவர்களாகிவிட்டார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாக ஊசி போடுகிறது. எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் எல்லாக் கோழியும் கூரை ஏறும்.

கழிச்சல் மட்டுமா? சளி, செல், குடற்புழு என்று புதுக் கோழி என்னென்ன சீதனம் கொண்டு வருகிறது என்பதைப் பார்க்க ஒரு மாதம் வேண்டும். ஆகவே கொல்லைப்புறத்துப் பழைய குளியலறை புதியவர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

புதியவர்கள் இருவர்: செவலை, சாம்பல். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் அம்மாவே பொறுக்கி எடுத்தவை. அம்மா கோழி பார்ப்பதை நின்று பார்க்க வேண்டும். முதலில் கொண்டை நிறம், அப்புறம் கண். பிறகு கோழியைத் தலைகீழாகப் பிடித்து, வால்பக்க இறகை வாயால் ஊதி விலக்கி, தோலில் செல் ஓடுகிறதா, எச்சம் அப்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். கடைசியாக நெஞ்செலும்பை இரண்டு விரலால் தடவி, சதை இருக்கிறதா, வெறும் கத்தியா என்று தீர்ப்புச் சொல்வாள். எனக்குப் பெண் பார்த்தபோது இதில் பாதி விசாரணைகூட நடக்கவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

சட்டதிட்டங்கள் கடுமையாகவே இருந்தன. முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி, அப்புறம்தான் புதியவற்றுக்கு. தண்ணீர்ச் சட்டி தனி. குளியலறைக்குள் போகத் தனிச் செருப்பு. அந்தச் செருப்பை யாரோ கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டதால் ஒரு நாள் பெரிய பஞ்சாயத்து. மற்றபடி மாதம் நல்லபடியாகக் கழிந்தது. இரண்டும் தின்றன, முட்டையிட்டன, தும்மக்கூட இல்லை.

கஷ்டம் அதற்கப்புறம்தான். எங்கள் கொல்லையில் கருப்பி ராஜ்யம். குருணை வாரி இறைத்தால் முதல் கொத்து அவளுடையது. அவளுக்கு அடுத்து பொறி. கடைசியில் வெள்ளச்சி, எல்லாரிடமும் கொத்து வாங்கி, மிச்சத்தைப் பொறுக்கித் தின்று ஓரமாக வாழ்ந்து வந்தாள். கோழிகளிடம் இப்படி ஒரு படிவரிசை இருப்பதை தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே என்ற நார்வேக்காரர் சிறு வயதிலேயே கவனித்துக் குறித்துவைத்து, 1922-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார். யார் யாரைக் கொத்தலாம், யாரிடம் கொத்து வாங்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு கோழிக்கும் தெளிவு உண்டாம். எங்கள் அம்மாவைக் கேட்டிருந்தால் மனுஷனுக்கு அத்தனை வருடம் மிச்சமாகியிருக்கும்.

டாக்டரம்மா சொன்னபடி ஒரு வாரம் நடுவில் வலை கட்டி, பார்க்கலாம், தொடக்கூடாது என்று வைத்திருந்தோம். பிறகு ஒரு ராத்திரி, கோழிக்கு இருட்டில் கண் தெரியாது என்ற தைரியத்தில், இரண்டையும் தூக்கிப் பழையவற்றின் நடுவே பரணில் உட்கார வைத்தோம். விடிந்து பார்க்கும்போது 'இதுகள் எப்போதுமே இங்கேதான் இருந்தன போலிருக்கிறது' என்று நினைத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. விடிந்தது. கருப்பி அப்படி எதுவும் நினைக்கவில்லை. கழுத்து இறகைக் குடைபோல விரித்துக்கொண்டு செவலையை நேருக்கு நேர் பார்த்தாள். அடுத்த நிமிடம் கொல்லை முழுக்க இறகு. சாம்பல் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, உடம்பு முழுக்க மறைந்துவிட்ட திருப்தியில் நின்றாள். தீனித் தட்டை இரண்டாக்கி, ஒளிந்துகொள்ள ஒரு பழைய கதவைச் சுவரில் சாய்த்து வைத்தோம். ரத்தம் வராதவரை நாம் நடுவில் போகக்கூடாதாம். போகவில்லை. போனாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் என்னை அதிசயிக்க வைத்தது கருப்பியல்ல, வெள்ளச்சி. இத்தனை காலம் அடி வாங்கியவள், தனக்குக் கீழே இரண்டு பேர் வந்ததும் எடுத்த அவதாரம்! அன்ரிசர்வ்டு பெட்டியில் அப்போதுதான் ஒற்றைக் காலை ஊன்ற இடம் பிடித்தவர், அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவரைப் பார்த்து "உள்ள இடமில்லைங்க" என்று மற்றெல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வாரே, அந்த வேகம். கருப்பிகூட ஒரு கொத்தோடு விட்டாள். வெள்ளச்சி துரத்தித் துரத்திக் கொத்தினாள்.

ஒருவழியாகச் சமாதானம் ஏற்பட்ட சமயத்தில் சீக்கு வந்தது. புதியவர்களுக்கில்லை, கருப்பிக்கு. ஒரு மாதம் யாரைச் சந்தேகப்பட்டோமோ அவர்கள் இருவரும் கல்லுக்குண்டாட்டம் நின்றார்கள்.

கோழி தன் நோயை லேசில் காட்டாது. காட்டினால் பதவி போய்விடும். கீழே இருப்பவள் மேலே ஏறிவிடுவாள். கருப்பியும் எல்லாரோடும் தீனிக்கு வந்தாள், தலையைத் தலையை ஆட்டிக் கொத்தினாள். அம்மாதான் கண்டுபிடித்தாள்: "கொத்துறாடா, முழுங்கல." உட்கார்ந்து பார்த்தேன். அலகு தரையைத் தொடுகிறது, குருணையைக் கிளறுகிறது, எடுப்பதில்லை. அத்தனையும் நடிப்பு. பிடித்துப் பார்த்தால் கொண்டையில் மிளகளவுக்குக் கொப்புளங்கள், ஒரு கண் இமை ஒட்டிக்கிடந்தது.

"அம்மை" என்றார் டாக்டரம்மா. "கொசு கடிச்சு வர்றது." கொசுவுக்கு ஒரு மாதத் தனிமை, தனிச் செருப்பு எல்லாம் எப்படி விதிப்பது? இதற்கும் நேரடி மருந்து இல்லை. மூன்று நாலு வாரத்தில் பொருக்கு தானாக உதிரும், பிய்க்கக்கூடாது, வேறு கிருமி சேராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். நல்லபடியாக இருந்த மற்றவற்றுக்கு இறக்கைச் சவ்வில் குத்தித் தடுப்பூசி போட்டார். கருப்பி குளியலறைக்கு மாற்றப்பட்டாள். நான் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அம்மா வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையை ஒற்றி எடுப்பாள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொண்டையில் தடவுவாள், கம்பங்கூழை அலகோரம் சொட்டுச் சொட்டாக விடுவாள்.

அதோடு விட்டிருந்தால் சரி. அம்மை என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்த அன்றே குளியலறை நிலையில் வேப்பிலை ஏறிவிட்டது. அடுப்பில் தாளிப்பு நின்றது. வீட்டில் கறி எடுக்கக்கூடாது என்று உத்தரவானது. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து என் மச்சான் நாட்டுக்கோழிக் குழம்பை நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். தாளிக்காத சாம்பாரைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"என்ன அத்தை, யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

"கோழிக்கு அம்மை போட்டிருக்கு மாப்ள. கோழிக்கறி ஆக்கக்கூடாது."

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப மட்டன்?"

"எந்தக் கறியும் கூடாது."

கோழிக்கு வருகிற அம்மை மனிதர்களுக்கு ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "ஒட்டாட்டி என்னடா," என்றாள் அம்மா, "அதுக்காக மரியாதை இல்லாமப் போயிருமா?"

பொருக்கு உதிர்ந்தது. வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைக் கருப்பியின் தலையில் தெளித்து, முறைப்படி தண்ணீர் ஊற்றியதாகக் கணக்கு முடித்து, வெளியே விட்டாள் அம்மா. கருப்பி ஒரு தரம் இறக்கையை உதறினாள். பழைய நடையிலேயே நேராகத் தீனித் தட்டுக்குப் போனாள். கல்லுக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்ட சாம்பல் ஞாபகமிருக்கிறதா? அவள்தான் வந்து நடு மண்டையில் ஒரு கொத்து வைத்தாள். நீ யார், எந்த ஊர், யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்பது மாதிரி.

சில நாள் ஆளைக் காணோமென்றால் திரும்பி வருகிற கோழியும் புதுக் கோழிதான், அதற்கும் வலை கட்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கட்டினோம். பிறகு அமைந்த வரிசைதான் வினோதம். கருப்பியைக் கண்டால் செவலை இன்னமும் ஒதுங்குகிறாள். செவலையைக் கண்டால் சாம்பல் ஒதுங்குகிறாள். சாம்பலைக் கண்டால் கருப்பி ஒதுங்குகிறாள். இப்படிச் சுற்றி வளைத்துக் கொத்துகிற முக்கோணங்களையும் அந்த நார்வேக்காரர் எழுதிவைத்திருக்கிறார். மூன்றும் ஒரே தட்டுக்கு வந்தால் மூன்றும் ஒதுங்குகின்றன. வெள்ளச்சி சாவகாசமாக வந்து தின்றுவிட்டுப் போகிறாள்.

எதிர்வீட்டு மாமா இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "ஒரு ஜோடி கின்னிக்கோழி வாங்கி விடுங்க தம்பி. பாம்பு அண்டாது, இதுகளையும் அடக்கி வைக்கும்" என்றார். அம்மா அடுத்த வியாழக்கிழமை என்ன தேதி என்று காலண்டரைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "முதல்ல எனக்கு அந்தக் குளியலறையைக் காலி பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க."