எட்டு மாத வீட்டை மூன்று வருடம் கட்டுவது எப்படி?

அரை கிரவுண்டு மனை. ஆயிரம் சதுர அடி, தரைத்தளம் மட்டும். வானம் தோண்டி பேஸ்மெண்ட் எழுப்ப ஒன்றரை மாதம். சுவர் எழுப்பி மேல்தளக் கான்கிரீட் போட இரண்டு மாதம். ஒயரிங், பிளம்பிங், பூச்சு எல்லாம் சேர்த்து இரண்டு மாதம். டைல்ஸ், மரவேலை, பெயிண்டுக்கு இன்னும் இரண்டு, இரண்டரை மாதம். கூட்டிப் பாருங்கள், எட்டு மாதம். கொஞ்சம் கண் அசந்தால் வீடு முடிந்தே போய்விடும்.

பதற வேண்டாம். எத்தனையோ பேர் இதே அளவு மனையில், இதே மாதிரி மேஸ்திரியை வைத்துக்கொண்டு, எட்டு மாத வேலையை மூன்று வருடத்துக்கு இழுத்துக் காட்டியிருக்கிறார்கள். சிமெண்டும் செங்கல்லும் அவர்களுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. எல்லாம் சொந்த முயற்சி. கீழே இருப்பதில் பாதியை நீங்களும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதிக்குத்தான் இந்தக் கையேடு.

1. காகிதத்தைக் கடைசியில் பாருங்கள்

பத்திரம் பதிந்தாயிற்று அல்லவா, போதும். பட்டா இன்னும் விற்றவருடைய தாத்தா பெயரில் இருந்தால் இருக்கட்டும். பாவம், பெரியவர். சர்வேயரைக் கூப்பிட்டு எல்லைக்கல் நடாதீர்கள். பக்கத்து மனைக்காரர் பேஸ்மெண்ட் வரை பொறுமையாக வேடிக்கை பார்த்துவிட்டு, அதன்பிறகு வந்து சொல்வார்: "ஒரு அடி என் பக்கம் வந்திருக்கே." அந்த ஒரு அடி ஆறு மாதம் தாங்கும்.

இதில் ஒரு இடைஞ்சல் உண்டு. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர், ஆவணங்கள் சரியாக இருந்தால் இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உடனே அனுமதி வாங்கிவிடலாம். அந்தப் பக்கம் எட்டியே பார்க்காதீர்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். "நான் பாத்துக்கறேன், நீங்க அலைய வேணாம்" என்பார். கோப்பை அவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். நீங்களும் அலைய மாட்டீர்கள், கோப்பும் அலையாது.

2. நல்ல நாளை நன்றாகத் தேடுங்கள்

பஞ்சாங்கக் கணக்கில் வாஸ்து புருஷன் வருடத்தில் எட்டே நாள்தான் விழிக்கிறார். அதுவும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் துலக்கி, குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிடுவார். சாப்பாட்டுக்கும் வெற்றிலைக்குமான கடைசி 36 நிமிடம்தான் பூமி பூஜைக்கு உகந்தது. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் கண்ணே திறப்பதில்லை. ஆடியில் திறக்கிறார், ஆனால் ஆடியில் நீங்கள் தொடங்க மாட்டீர்கள். மிஞ்சிய நாட்களில் உங்கள் சந்திராஷ்டமம், மனைவியின் சந்திராஷ்டமம், வெளியூர் மாப்பிள்ளையின் லீவு எல்லாவற்றையும் கழியுங்கள்.

என்னைக் கேட்டால் ஐப்பசி 11-ஐத் தேர்ந்தெடுப்பேன். அக்டோபர் கடைசியில் வரும். வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய அப்போதுதான் வந்து இறங்கியிருக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. திங்களன்று வானம் தோண்டினால் புதனன்று உங்கள் மனையில் ஒரு குளம் இருக்கும். தை பிறக்கும்வரை மீன் வளர்க்கலாம்.

3. ஒப்பந்தத்தை வாயால் போடுங்கள்

சதுர அடிக்கு யார் குறைவாகச் சொல்கிறாரோ அவரே உங்கள் ஆள். அந்த விலைக்குள் சம்ப் உண்டா, செப்டிக் டேங்க் உண்டா, காம்பவுண்டு சுவர் உண்டா, லாஃப்ட் உண்டா என்று கேட்டு அவர் மனதைப் புண்படுத்தாதீர்கள். அவரே ஒவ்வொன்றாகச் சொல்வார், ஒவ்வொன்றும் வேண்டியிருக்கும் அன்று காலையில். "அது தனி சார்."

பணத்தில் இரண்டு முறை உண்டு. முதல் முறை, பாதித் தொகையை முதல் மாதமே கொடுத்துவிடுவது. உங்கள் காசில் வேறொருவர் வீட்டுக்குத் தளம் விழும். மேஸ்திரியும் ஆட்களும் அங்கேதான் இருப்பார்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டாவது முறை, சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்கும் நேரத்தில் போனை அணைத்துவிடுவது. கொத்தனாரும் சித்தாளும் திங்கட்கிழமை யார் வீட்டில் நிற்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்ந்தவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வார்கள்.

4. சுவர் வரும்வரை வரைபடத்தைப் பார்க்காதீர்கள்

இதுதான் உயிர்நாடி. மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வரைபடத்தில் ஒரு அறையை நகர்த்த ரப்பர் போதும். சுவராக நிற்கும்போது நகர்த்த சம்மட்டி வேண்டும், ஆள் வேண்டும், கழிவை அள்ள டிராக்டர் வேண்டும். எனவே எஞ்சினியர் தாளை விரித்து "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்னும்போது, "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிடுங்கள். லிண்டல் மட்டம் வரட்டும். பிறகு குடும்பத்தைக் கூட்டுங்கள்.

மாமனார் வருவார். ஹாலில் நடந்து பார்த்து, "சின்னதா இருக்கே" என்பார். மேலே தளம் போடாத எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும் என்று மேஸ்திரி விளக்க முயல்வார். தடுத்துவிடுங்கள். சித்தப்பா வந்து பூஜை அறையைக் கேட்பார். அது மாடிப்படிக்கு அடியில் இருப்பதைக் கண்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். உடனே ஒரு வாஸ்து நிபுணரை அழையுங்கள். அவர் அக்னி மூலையில் சமையலறை இல்லாததைக் கண்டுபிடித்து, கழிப்பறையை நகர்த்தச் சொல்வார். நகர்த்துங்கள். நகர்த்தி முடித்த மறுநாள் இரண்டாவது நிபுணரை அழையுங்கள். முதல் நாளே இருவரையும் சேர்த்து அழைத்தால் அவர்கள் பேசி முடித்துவிடும் ஆபத்து உண்டு.

"சார், இத நேத்தே சொல்லியிருந்தா கட்டாமயே இருந்திருப்பேனே" என்பார் மேஸ்திரி.

"நேத்து எங்க சித்தப்பா வரலையே, மேஸ்திரி" என்று சொல்லுங்கள். நியாயமான பதில்தானே?

5. சிமெண்டை முன்கூட்டியே வாங்கிக் குவியுங்கள்

விலை ஏறப்போகிறது என்று மைத்துனர் சொன்னால் அன்றே முந்நூறு மூட்டை இறக்குங்கள், தரையோடு தரையாக, சுவரை ஒட்டி. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அதற்குள் அடி வரிசை மூட்டைகள் கல்லாகியிருக்கும். காம்பவுண்டுக்கு ஆகும்.

6. அவசரப்பட வேண்டிய ஒரே இடம் கான்கிரீட்

இதுவரை தாமதிக்கச் சொன்னவன் இங்கே அவசரப்படச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

கட்டுமானத்தில் உண்மையிலேயே காத்திருக்க வேண்டிய இடம் இதுதான். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது, பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள். கடையில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி.தான். பதினைந்து அடிக்குள் உள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாள் எடுக்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் 14 நாள். இருபது அடிக்குள் உள்ள பீமுக்கும் 14 நாள், அதைத் தாண்டினால் 21. கான்கிரீட்டின் பலத்தை 28-ஆம் நாளில்தான் கணக்கிடுகிறார்கள்.

ஒரு அடி நிலத்துக்கு ஆறு மாதம், ஒரு சித்தப்பாவுக்கு நான்கு மாதம் காத்திருந்த உங்களுக்கு, இந்தப் பத்து நாள் மட்டும் பொறுக்கக் கூடாது. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஓடுகிறதே! ஐந்தாம் நாளே முட்டுகளைப் பிரியுங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போங்கள், முடிந்தால் மே மாதம். இரண்டாவது மழையில் பெட்ரூம் மின்விசிறிக்கு மேலே ஈரம் தெரியும். பிறகு வாட்டர் ப்ரூஃபிங் ஆள், அவர் சரியில்லை என்று சொல்ல இன்னொரு வாட்டர் ப்ரூஃபிங் ஆள். இங்கே மிச்சம் பிடித்த ஒரு வாரம் வட்டியோடு திரும்பி வரும்.

7. பூச்சு காய்ந்த பிறகு பிளக் பாயிண்டை நினைவுகூருங்கள்

ஏ.சி. எந்தச் சுவரில், இன்வெர்ட்டர் எங்கே, கீசருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம், மிக்ஸி எங்கே நிற்கும் என்பதையெல்லாம் காடி வெட்டும்போது யோசிக்காதீர்கள். பூசி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த சுவரைப் பார்க்கும்போதுதான் மனித மூளைக்கு ஏ.சி. நினைவு வரும். அப்போது வெட்டச் சொல்லுங்கள். வெட்ட எலெக்ட்ரீஷியன், அடைக்கக் கொத்தனார், மறைக்க பெயிண்டர். மூவரும் ஒரே வாரத்தில் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

8. டைல்ஸை அளந்து, ஒரு பெட்டி குறைவாக வாங்குங்கள்

முதலில் ஊரில் உள்ள எல்லா ஷோரூமையும் பாருங்கள். எல்லாமே பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருபவைதான். இருந்தாலும் பாருங்கள். முடிவெடுத்த பிறகு, வெட்டுச் சேதாரத்துக்குக் கூடுதலாக வாங்கச் சொல்லும் டைல்ஸ்காரரைச் சந்தேகப்படுங்கள். சரியாக அறையின் அளவுக்கே வாங்குங்கள். கடைசி மூலையில் நான்கு கல் குறையும். கடைக்குப் போனால் அதே பெயர், அதே எண், வேறு பேட்ச், நிறம் ஒரு சாயல் தள்ளி நிற்கும். வீட்டில் அதைப் பற்றி விவாதம் நடக்கட்டும். அவசரமில்லை.

9. நாட்காட்டியைப் பார்க்காதீர்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் பொங்கலோடு திரும்புவதில்லை. தென்மாவட்டத்துக் கொத்தனாருக்குக் கோயில் கொடை உண்டு. பீகார்த் தம்பிகளுக்குத் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை. ரயில் டிக்கெட்டை அவர்கள் எப்போதோ எடுத்தாயிற்று. நீங்கள் அந்த வாரத்துக்கே கான்கிரீட் லாரியைச் சொல்லி வையுங்கள்.

10. வங்கியை நினைத்துக் கவலைப்படாதீர்கள்

கடன் கட்டங்கட்டமாகத்தான் வரும், வந்தவரைக்கும் வட்டி ஓடும், வாடகையும் ஓடும். ஓடட்டும். வருமான வரிச் சட்டமே தாராளமாகத்தான் இருக்கிறது. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடிந்தால், பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு. முடியாவிட்டால் 30,000. அரசாங்கமே ஐந்து ஆண்டு எதிர்பார்க்கிறது, நீங்கள் மூன்றுக்கே மூச்சு வாங்குகிறீர்களே!

11. பத்திரிகை அடித்துவிடுங்கள்

எதுவும் முடியாத நிலையில் கிரகப்பிரவேசத் தேதியைக் குறியுங்கள். பாத்ரூம் கதவு இல்லாவிட்டால் திரைச்சீலை கட்டலாம். வந்தவர்கள் அதையும் ரசித்துப் பார்த்துவிட்டு மொய் வைப்பார்கள். பால் காய்ந்த மறுநாளிலிருந்து கார்பெண்டர் போன் எடுக்க மாட்டார். குடி வந்த வீட்டில் மிச்ச வேலை செய்வதற்கென்று ஒரு ஆசாரி இன்னும் பிறக்கவில்லை.

12. தூண் கம்பிகளை வெட்டாதீர்கள்

மொட்டை மாடியில் நாலடிக்கு நீட்டிக்கொண்டு நிற்கட்டும். யார் கேட்டாலும் "மாடி எடுக்கணும்" என்று சொல்லுங்கள். கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசி வைத்தால் துரு ஏறாது, செலவும் ஒரு மூட்டைக்குள் அடங்கும். அதனால் அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.