சீமெண்ணெய்க்கு வந்த சீமைக் கப்பல்

மெட்ராஸைக் காலி செய்ய எவ்வளவு பெரிய பீரங்கி வேண்டும்? குழல் வாய் பத்தரை சென்டிமீட்டர் இருந்தால் போதும். அரைச் சாண்! கடற்படைக்காரர்கள் நடுவில் இந்த அளவுக்கு ஒன்றும் பெரிய மரியாதை கிடையாது. அந்தக் காலத்து இத்தாலியின் ‘தாந்தே அலிகியேரி’ போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டு அதில் பெரிய மனிதர்களாக வீற்றிருந்தன. 120 மில்லிமீட்டரில் இருபது, சில்லறை வேலைக்கு.

ஜெர்மனியின் ‘எம்டன்’ போர்க்கப்பலுக்கு அந்தச் சில்லறைதான் மொத்த ஆஸ்தியே. 105 மில்லிமீட்டரில் பத்து: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று. ஒரு பக்கமாகத் திரும்பிச் சுட்டால் ஐந்துதான் பேசும். குண்டு ஒன்று 17 கிலோ சொச்சம். நம் ஊர் மண்டி ஆள் ஒருவர் சிரிக்காமல் தோளில் போட்டுக்கொள்வார். போதாக்குறைக்கு, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கித்தான் துணியில் நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டி நிறுத்தியிருந்தார். மூன்று புகைபோக்கி என்றால் எம்டன், நாலு என்றால் வெள்ளைக்காரன் கப்பல் என்று தூரத்தில் பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமாம். நம்பினார்கள்.

1914 செப்டம்பர் 22. நவராத்திரி நேரம். பிறை அந்தி சாய்ந்த கையோடு மறைந்துவிட்டது. ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கி ஏழு வாரம் ஆகியும், மெட்ராஸ் கொலுப்படி மாதிரி விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஹைகோர்ட் கோபுரத்துக் கலங்கரை விளக்கம் வேறு, வாங்க வாங்க என்று கூப்பிட்டது. கவர்னர் பென்ட்லண்ட் பிரபு ஊட்டியில்.

இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்றது. தேடு விளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்து, அரை மணி நேரத்தில் 130 குண்டு போட்டது. இரண்டு தொட்டிகள் பற்றிக்கொண்டன. மூன்றரை லட்சம் காலன் எண்ணெய்! அரைப்படி சீமெண்ணெய்க்குப் பேரம் பேசுகிற ஊர் அது. ஹைகோர்ட் மதிலிலும் ஒன்று பட்டது. துறைமுகத்தில் நின்ற ‘சுப்ரா’ கப்பலிலும் விழுந்தது. உயிர் போனவர்களும் உண்டு. அவர்களை வைத்து வேடிக்கை பேச எனக்கு மனசு வரவில்லை. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன. குண்டுகள் கடலில் விழுந்தன. கடல் பெரிதாயிற்றே, தவறவிட முடியுமா?

முல்லர் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். பாக்கி வேலையை வதந்தி பார்த்துக்கொண்டது. ஜெர்மன்காரன் திரும்பி வருவான் என்று மூட்டை கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில். ரயில் நிலையங்களில் நிற்க இடமில்லை. வெள்ளைக்காரன் கெத்தைக் குலைக்கத்தான் சுட்டேன் என்று முல்லரே பின்னால் எழுதி வைத்தார்.

இங்கே எங்கள் ஊரான தென்னேரியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். துறைமுகத்திலிருந்து தென்னேரி நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டருக்கு மேல். எம்டன் பீரங்கி எட்டுவது 12 கிலோமீட்டர் சொச்சம். ஆக, எங்கள் பக்கம் அந்தக் கப்பல் ஏவக்கூடிய ஒரே ஆயுதம் பட்டணத்துச் சொந்தக்காரர்கள். செங்கல்பட்டில் வண்டி மாறி வாலாஜாபாத்தில் இறங்கினால் மீதி மாட்டுவண்டிதான். அந்த வருஷ நவராத்திரிக்குக் காஞ்சிபுரம் வட்டாரத்தில் சுண்டலுக்குக் கூடுதலாக ரெண்டு படி கடலை ஊறியிருக்கும் என்று சொல்லக் கல்வெட்டு ஆராய்ச்சி வேண்டாம். குண்டு விழுந்தால் ஒரு தடவையோடு போச்சு. சித்தப்பா குடும்பம் விழுந்தால் தீபாவளி வரை.

பிறகு நம்மவர்கள் கதையை மேலும் செழிப்பாக்கினார்கள். விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டன் மேல்தளத்தில் நின்று, இங்கே சுடு, அங்கே சுடாதே என்று கை காட்டினாராம். கப்பல் ஜூலைக் கடைசியில் சீனக் கரையின் சிங்தாவோவிலிருந்து கிளம்பியது. பிள்ளைவாளோ அப்போது ஐரோப்பாவில், சூரிச்சில் கமிட்டியும் பத்திரிகையுமாக ஆங்கிலேயருக்குக் குடைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தார். சூரிச்சில் இருப்பது ஏரி. ஏரி வழியாக எம்டன் போய் அவரை ஏற்றியிருக்க முடியுமென்றால், தென்னேரிக்கும் ஒரு நடை வந்திருக்கும்.

எம்டனின் கொட்டம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அடங்கியது. தந்தி நிலையத்தை உடைக்க லெப்டினன்ட் மூக்கே ஐம்பது பேரோடு இறங்கினார். தந்திக்காரர்கள் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: கம்பத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே ஆகட்டும் என்று பதமாகச் சாய்த்தார்கள். உதவி கேட்டுத் தந்தி அதற்கு முன்பே போய்விட்டது.

ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ வந்தது. அதில் 6 அங்குலப் பீரங்கி எட்டு, குண்டு ஒன்று 45 கிலோ. முதல் அடி எம்டனுடையதுதான், குறியும் சுத்தம். சிட்னி சாவகாசமாக எட்டாத தூரத்துக்கு விலகி நின்று தன் பெரிய குண்டுகளை அனுப்பத் தொடங்கியது. சின்னப் பீரங்கிக்காரனுக்கு அதற்குமேல் என்ன வழி? முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் கொண்டுபோய் ஏற்றினார். மாண்டவர்கள் 130 பேருக்கு மேல்.

கரையில் மாட்டிக்கொண்ட மூக்கே, அங்கே நின்ற ‘ஆயிஷா’ என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கிளப்பினார். தந்திக்காரர்கள் துணிமணியும் புகையிலையும் கொடுத்து வழியனுப்பினார்கள். டென்னிஸ் மைதானத்தில் ஒரு கீறல்கூட இல்லையே!