மணிவிழா உணவகத் தேர்வியல்: அந்தமான் நெய்தலை முன்வைத்து

அறுபது நிறைந்த ஒருவரை அந்தமானுக்கு அழைத்துப் போய், பிறந்த நாள் இரவில் எந்த உணவகத்தில் உட்கார வைப்பது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பாருக்கு விடை ஒன்றே: அவர்கள் வீட்டில் ‘அப்பா 60’ என்ற வாட்ஸ்அப் குழு இன்னும் தொடங்கப்படவில்லை. கட்டுரையாளர் அத்தகைய குழு ஒன்றில் மாப்பிள்ளை என்னும் தகுதியில் உறுப்பினர். ஆதலால் கருத்துச் சொல்ல உரிமையும், சொல்லாமலிருக்கக் கடமையும் ஒருங்கே உடையவர்.

அறுபது ஏன் என்பதை முதலில் நிறுவ வேண்டும். வியாழன் ராசி மண்டலத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டும், சனி ஏறத்தாழ 30 ஆண்டும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஒருவர் பிறந்தபோது நின்ற இடத்துக்கு இரண்டும் சேர்ந்து திரும்ப 60 ஆண்டு ஆகிறது. ஆண்டின் பெயரும் அவ்வாறே திரும்பும். 1966 மே மாதம் பராபவ ஆண்டில் பிறந்தவர் 2026 மே மாதம் மறுபடியும் பராபவத்தில் நிற்பார். முப்பது, நாற்பது, ஐம்பது என்பவை கேக்கோடு வந்த பிற்சேர்க்கைகள். அவற்றுக்குக் கோள்களின் ஆதரவு கிடையாது. இங்கே கவனிக்கத்தக்கது, இத்தனை கோடி கிலோமீட்டர் இடைவெளியிலும் இரண்டு கோள்கள் ஒரு தேதிக்கு ஒத்துவருகின்றன, ஒரே தெருவில் வசிக்கும் மூத்த மகளும் இளைய மகனும் வருவதில்லை என்பது.

பழைய முறையில் இச்சிக்கலே எழவில்லை. திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் முன்னால், மார்க்கண்டேயனுக்காக எமன் உதை வாங்கிய தலத்தில், சாந்தி செய்து மாலை மாற்றிக்கொள்வார்கள். செய்து வைப்பவரே மண்டபம், நாதஸ்வரம், போட்டோ, சமையல் அத்தனையும் பேசி முடித்துவிடுவார். வத்தக்குழம்பு வேண்டுமா, மோர்க்குழம்பு வேண்டுமா என்பதற்கு மேல் யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இன்று பிள்ளைகள் சாந்தியை அங்கே முடித்துவிட்டு, சாப்பாட்டைத் தனியே பிரித்துத் தீவுக்கு எடுத்துச் செல்கிறார்கள். விழா நாயகர் அறுபது ஆண்டும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டவர். அறுபத்தோராம் ஆண்டின் தொடக்கத்தில் மெனு கார்டைப் பார்த்துச் சாப்பிட வேண்டியவராகிறார்.

இனி முன்னோர் கூற்று. இத்தீவுகளின் சாப்பாட்டைப் பற்றி அயலார் எழுதிய பழைய குறிப்புகளுள் ஒன்று மார்க்கோ போலோவுடையது. அங்கே நாய்த்தலை மனிதர்கள் வாழ்கிறார்கள், கையில் அகப்படும் அயலாரையெல்லாம் தின்கிறார்கள் என்று அவர் சொன்னார். அவர் அங்கே கால் வைத்ததற்குச் சான்று இல்லை. போகாத கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போடும் மரபு எழுநூறு ஆண்டுப் பழமை உடையது என்பது இதனால் பெறப்படும். நம்மவருள் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கடாரப் படையெடுப்பில் வென்ற இடங்களுள் மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரைச் சேர்க்கிறது. படை அங்கே என்ன சாப்பிட்டது என்பது பற்றி அது வாய் திறக்கவில்லை.

முன்னோரை விட்டு இணையத்தாரிடம் வருவோம். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன் தீவின் இணையம் செயற்கைக்கோளை நம்பி நொண்டிக்கொண்டிருந்தது. எங்கே சாப்பிடலாம் என்று ஆட்டோக்காரரைக் கேட்டார்கள், அவர் தன் மச்சான் கடையைக் காட்டினார், பிரச்சினை முடிந்தது. இப்போது குடும்பம் முழுவதும் கடை வாசலிலேயே நின்றுகொண்டு, அதே கடையைப் பற்றி யாரோ நாக்பூர்க்காரர் எழுதியதைப் படிக்கிறது. ‘வியூ சூப்பர், சர்வீஸ் ஸ்லோ’ என்பது கிட்டத்தட்ட எல்லாக் கடைக்கும் பொருந்தும் பொதுச்சூத்திரமாக இருப்பதால் அதனால் பயனில்லை.

எனவே அயல்நாட்டு இலக்கணம் ஒன்றின் துணையை நாடினோம். பிரான்சின் மிஷலின் டயர் கம்பெனி 1900இல் ஒரு கையேடு போட்டது. ஜனங்கள் கார் எடுத்துக்கொண்டு சுற்றினால் டயர் தேயும் என்பதே நூற்பயன். 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரத் தொடங்கிப் பின்னர் விதியும் வகுத்தது. ஒன்று என்றால், அந்த வழியாகப் போனால் நிறுத்திச் சாப்பிடலாம். இரண்டு என்றால், சுற்றிக்கொண்டும் போகலாம். மூன்று என்றால், அதற்கென்றே பயணம் கிளம்பலாம். கையேடு இந்தியாவுக்கு இன்னும் வரவில்லை. விதி மட்டும் வரட்டும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் மூன்று நாள். அந்த வழியாகப் போகிறவர் என்று யாரும் கிடையாது. சுற்றிக்கொண்டு போக நடுவில் ஊரும் கிடையாது. ஆகவே ஒரு நட்சத்திரமும் இரு நட்சத்திரமும் அங்கே அமைய வழியே இல்லை. தீவிலுள்ள எல்லாக் கடையும் மூன்று நட்சத்திரக் கடையே, ஹேவ்லாக் தீவின் படகுத்துறையில் சமோசா விற்பவர் உட்பட. இம்முடிவை மறுக்க ஒருவராலும் இயலவில்லை. மூத்த மகள் மட்டும், கட்டுரையாளரின் மனைவி என்ற உரிமையில், ‘மொக்கை’ என்றாள்.

அயலிலக்கணம் கைவிட்டபின் தொல்காப்பியம்தான் கதி. கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் வேளை. பிறந்த நாள் விருந்து நடத்துவோரும் இதையே விரும்புகிறார்கள்: சூரியன் கடலில் இறங்க, மேசையில் மெழுகுவத்தி எரிய, அப்பா முகத்தில் பொன்னிறம் படிய ஒரு போட்டோ. ஆனால் இந்திய நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டில் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேரோ 92 பாகைக்கும் அப்பால் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், தீவின் சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு எற்பாடு முடிந்துவிடும். ஐந்து மணி என்பது தமிழ்நாட்டில் டிபன் வேளை. அப்போது விருந்து கேட்டால் எந்த ஃபைன் டைனிங் கடையிலும் நாற்காலி இன்னும் மேசைமேல் கவிழ்ந்திருக்கும். ஏழு மணிக்குக் கடை திறக்கும்போது வெளியே நள்ளிரவுபோல இருட்டு. இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில், சர்க்கரை மாத்திரை போடும் விழா நாயகர் பசி தாங்காமல் எதையாவது சாப்பிட்டுவிடுவார். இவ்வாய்வின் ஆகப்பெரிய கண்டுபிடிப்பு இந்த இரண்டு மணி நேரமே.

பொழுது இப்படியென்றால் நிலம் இன்னும் கறார். இரவில் படகு கிடையாது. ஹேவ்லாக்கில், 2018இலிருந்து சுவராஜ் தீவு எனப்படுவதில், இரவுச் சாப்பாடு என்றால் அங்கேயே தங்கவும் வேண்டும். போர்ட் பிளேரில் அறை போட்டுவிட்டு ஹேவ்லாக்கில் விருந்து என்று திட்டமிட்டவர், கடைசிப் படகோடு விருந்தையும் விட்டவராவார். தீவுக்குள்ளும் திசை இருக்கிறது. கடைகள் மிகுந்த விஜயநகர் கரை கிழக்கே பார்த்தது. அங்கே மெழுகுவத்தி ஏற்றிவைத்து அஸ்தமனத்துக்குக் காத்திருப்பவர் மறுநாள் விடியலைத்தான் காண்பார். மேற்கே பார்த்தது ராதாநகர் கரை. டைம் இதழ் 2004இல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று புகழ்ந்ததும் இதையே. அக்கரையில் உள்ள தாஜ் விடுதியின் உணவகம் ஒன்றுக்கு ‘செட்லர்ஸ்’ என்று பெயர். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து இத்தீவில் குடியேற்றப்பட்டவர்களை இங்குள்ளோர் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் படகுத்துறைப் பக்கம் வாழையிலை அளவு தட்டில் மீன் குழம்பும் சோறும் போடுகிறார்கள். பெயர் மட்டும் மேற்குக் கரைக்குப் போய்த் துணி நாப்கின் கட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால் அந்த மீன் குழம்புக்கே என் வாக்கு. யாரும் கேட்கவில்லை.

போர்ட் பிளேரிலேயே முடித்துக்கொள்வோர்க்கு மரைன் ஹில் சரிவில், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த பே ஐலண்ட் விடுதி இருக்கிறது. படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும் மரவேலைக் கட்டடம். காற்றுக்குக் கதவு தேவைப்படாத இடம். எதிர்க்கரையில் நார்த் பே கலங்கரை விளக்கம். பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறம் இருந்த காட்சியும் இந்தப் பக்கத்துக் கரையிலிருந்து தெரிவதுதான். விழா நாயகர் அக்காட்சியைப் பல காலம் சட்டைப் பையில் வைத்திருந்தவர் ஆதலால் வியப்படையவில்லை.

செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சியும் மாலையில்தான். அதைப் பார்த்துவிட்டு நேரே விருந்துக்குப் போகலாம் என்று பயண ஏஜென்டுகள் அட்டவணை போட்டுத் தருகிறார்கள். 1933இல் அச்சிறையில் நடந்த உண்ணாவிரதத்தின்போது, வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதன் விளைவாக மகாவீர் சிங் உள்ளிட்ட மூவர் இறந்தார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து, சூப் ஆறிப்போயிருக்கிறது என்று சர்வரிடம் சண்டை போட முடியாது. இரண்டையும் வேறு வேறு நாளில் வைப்பதே முறை.

அடுத்து நெய்தலின் கருப்பொருளாகிய உணவு. தென்னை மரமேறும் பெருநண்டு, கடல் அட்டை, ஆமை, தீவுகளின் விலங்காக அறிவிக்கப்பட்ட ஆவுளியா ஆகியவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. மெனுவில் தேட வேண்டாம். சிங்கி இறால், நண்டு, சூரை, பாரை, சங்கரா கிடைக்கும். காய்கறியில் பெரும்பங்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருவது. கப்பல் தாமதித்தால் மீனைவிடத் தக்காளி மரியாதைக்குரிய பொருளாகிவிடும். இதற்கிடையே மாமியார் ஒரு விலக்கு விதியை முன்வைத்தார்: தேதிப்படி பிறந்த நாளில் மீன் சாப்பிடலாம், நட்சத்திரப்படி பிறந்த நாளில் கூடாது. இரண்டும் ஒரே பயணத்துக்குள் விழுந்தால் இரண்டு விருந்து. பிறந்தது புரட்டாசி என்றால் தீவுக்கே போக வேண்டாம். அப்போது மழையும் ஓய்ந்திருக்காது.

ஃபைன் டைனிங் என்பதற்கு இதுவரை வரையறை சொல்லவில்லை. மாமியாரின் நடத்தையிலிருந்து ஒன்று கிடைத்தது. சாதாரணக் கடையில் ஐஸ்மேல் கிடத்திய மீனைக் காட்டுவார்கள்; அவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வேறொன்றைக் காட்டுவார். ஃபைன் டைனிங்கில் மீன் தலையும் வாலும் இல்லாமல், தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு, ஒரு கரண்டி சாஸின் மேல் வந்து படுத்திருக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்க அனுமதியாத உணவகம் ஃபைன் டைனிங் எனப்படும்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது பில் வரும்போது நிகழ்கிறது. தனிக்கடையில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதியின் உணவகத்தில் 18 சதவீதம். இரங்கல் யாருக்கு உரியது என்பதே எஞ்சிய வினா. நம் ஊர்ச் சம்பிரதாயப்படி பெரியவர்கள் கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் வந்து உட்காருவார்கள். இதை முறியடிக்கவே ஃபைன் டைனிங்கில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் போட்ட கிண்ணத்தை மேசைக்கே கொண்டுவருகிறார்கள் போலும்.

இவ்வளவு ஆய்வுக்கும் பிறகு தேர்வானது எந்தக் கடை என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். கணித்தபடியே விழா நாயகர் ஐந்தரைக்கு இரண்டு சமோசா சாப்பிட்டிருந்தார். எல்லோருக்கும் எல்லாம் வந்தபின் அவர் மெனு கார்டை மூடி, “கொஞ்சம் தயிர் சாதம் கிடைக்குமா?” என்று கேட்டார். கிடைத்தது. பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில், மாதுளை முத்து பதித்து, ஒரு கைப்பிடி. அவர் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். விரல் கழுவும் கிண்ணம் முன்னாலேயே இருந்தும், “பாத்ரூம் எங்கப்பா?” என்று எழுந்து போனார். மகனும் மகளும் நானும் பில்லுக்காகக் கையை நீட்டத் தயாராக உட்கார்ந்திருந்தோம்; வெகுநேரம் அது வரவில்லை.

திரும்பி வரும்போது அவர் கையில் சோம்பு இருந்தது. உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, “மாப்பிள்ளை, பதினெட்டுக்குப் பதிலா அஞ்சு போட்டிருந்தா எவ்வளவு மிச்சமாயிருக்கும், அந்த ஃபோன்ல கொஞ்சம் பாருங்க” என்றார்.