மாதாப்பூர் பாடபேதங்கள்: கிட்கான்ஃபிக் கோப்பின் ஆசிரியர் யார்?

ஔவையார் ஒருவரா, பலரா என்ற வழக்கு தமிழறிஞர்களிடம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதே வழக்கு ஹைதராபாத்திலும் நடந்துவருவதை அவர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள். அக்குறையை இக்கட்டுரை போக்கும். ஆய்வு எல்லை: மாதாப்பூர் முதல் கச்சிபௌலி வரை. அமீர்பேட்டை, பின்னிணைப்பில். மூலச்சுவடி: மென்பொருள் ஊழியர்களின் லேப்டாப்பில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மறைந்திருக்கும் 'கிட்கான்ஃபிக்'. நிரலில் யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியின் அமைப்புக் கோப்பு அது.

இந்நூலை யாரும் இயற்றுவதில்லை, படியெடுக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த மறுநாளே பையன் கேட்கிறான்: "அன்னா, மீ கான்ஃபிக் பம்பண்டி." சீனியர் அனுப்புகிறார். அவருக்கு அவருடைய சீனியர் அனுப்பியது.

சுவடியின் பழமைக்குச் சான்று, அதிலுள்ள சுருக்கக் கட்டளைகள். செக்அவுட்டுக்கு 'சி.ஓ.', சரி. மாற்றத்தைப் பதியும் கமிட்டுக்கு ஏன் 'சி.ஐ.'? 1982-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்.சி.எஸ். என்ற கருவியில் கோப்பை உள்ளே வைப்பது செக்-இன். அதன் கட்டளை சி.ஐ. லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியது 2005 ஏப்ரலில். ஆர்.சி.எஸ்ஸைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகள் இன்றும் அதன் கட்டளையைத்தான் அடிக்கிறார்கள்.

பொருள் தெரியாமல் படியெடுத்த வரிகளும் உண்டு. 'ஹெல்ப் ஆட்டோகரெக்ட் = 10' என்பதற்குப் பத்து விநாடி என்று உரை சொல்வோர் உளர். அது பிழை. அங்கே அளவு, விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கட்டளையைத் தப்பாக அடித்தால் கிட் தானே திருத்தி, ஒரு விநாடி பொறுத்து, ஓட்டியும் விடும். பதறி நிறுத்துவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

விதிகள் மூன்றடுக்கு: சிஸ்டம், குளோபல், லோக்கல். முரண்பட்டால் லோக்கலே வெல்லும். சிறப்பு விதி பொது விதியை வெல்லும் என்று நம் இலக்கணகாரர்கள் எப்போதோ சொன்னதுதான். குறிப்பிட்ட ஃபோல்டருக்கு மட்டும் வேறு விதி என்னும் 'இன்க்ளூட்இஃப்' 2017-இல் வந்து சேர்ந்த புறநடை.

இனி ஆசிரியர் சிக்கல். சுவடியின் தலையில் பெயரும் ஈமெயிலும் இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை கிட் அப்படியே நம்பும்; ஆதார் கேட்காது. படியெடுத்த பையன் அந்த இரண்டு வரிகளை மாற்ற மறந்தால், அவன் எழுதுவதெல்லாம் சீனியர் பெயரில் ஏறும். சீனியர் டல்லாஸுக்குப் போய்ச் செட்டிலான பிறகும் ஏறும். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு புரொடக்ஷன் படுத்துவிடுகிறது. 'கிட் பிளேம்' அடித்துப் பார்த்தால், உடைந்த வரிக்கு எதிரே டல்லாஸ்காரர் பெயர். நேரம் அன்றைய மதியம். அங்கே அப்போது விடியவே இல்லை, மனிதர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

நம் பதிப்பாசிரியர்கள் இத்தகைய இடத்தில் அகச்சான்று தேடுவார்கள். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏட்டுக்கு ஏடு ஒப்புநோக்கவேண்டி இருந்தது. நமக்கு அவ்வளவு சிரமமில்லை. ஒவ்வொரு கமிட்டின் நேரத்தோடும் கணினியின் நேர மண்டலமும் பதிவாகிறது. டல்லாஸ் என்றால் -0600, கோடையில் -0500. இங்கே இருப்பது +0530. எனவே இது இடைச்செருகல். செருகியவர் தற்சமயம் கேன்டீனில் இருக்கிறார்.

எதிர்த்திசையில் ஒரு சிக்கல்: ஒரே ஆள் ஆபீஸில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், சர்வரில் 'ரூட்' என்று மூவராகத் திரிவார். 'மெயில்மேப்' என்ற கோப்பில் இரண்டு வரி எழுதினால் மூவரும் ஒருவர். தமிழறிஞர்கள் ஒரு நூற்றாண்டாகச் செய்துபார்த்தும் முடியாதது இது.

பின்னிணைப்பு: அமீர்பேட்டை. மைத்ரிவனம் பக்கத்துக் கோச்சிங் சென்டர்களின் நோட்ஸ், ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும். 'புரோ கிட்' புத்தகம் பெயர் அமைக்கும் கட்டளைக்கு உதாரணமாகத் தந்திருப்பது 'ஜான் டோ'; நோட்ஸிலும் அதுவே. மாணவர்கள் அதையும் விடாமல் அடித்துவிடுவதால், இன்டர்வியூவுக்கு முந்தின இரவில் அவசரமாக ஏற்றிய புராஜெக்ட் பலவற்றுக்கு அவரே ஆசிரியர். அவரை அமெரிக்கர் என்று கொள்வோர் மயங்கினர். அவருக்கும் +0530 தான்.