எழுபத்திரண்டில் ஒரு பங்கு

மனிதர்களில் சிலருக்கு உலகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் ஆனந்தம். வேறு சிலருக்கு அதைச் சிறிதாக்கிப் பார்ப்பதில் ஆனந்தம். முதல் வகையார் அரசியலிலும் ஜோதிடத்திலும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் வகையார், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள், கூடத்து மேஜையைத் துடைத்துவிட்டு, ஆகாய விமானம் கட்ட உட்காருகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரை நான் சிற்பியார் என்றே குறிப்பிடப்போகிறேன். ஏனெனில், அவர் செய்வதைப் ‘பொம்மை’ என்று சொன்னவர் எவருக்கும் அந்த வீட்டில் இரண்டாவது தடவை காப்பி கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆறடி மனிதனை ஓர் அங்குலமாக ஆக்கினால் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்தக் கணக்குதான் அவருக்கு வேதம். முப்பத்தெட்டு அடி இறக்கை விரித்துப் பறந்த விமானம் அவருடைய மேஜையில் ஆறேகால் அங்குலத்துக்குச் சற்று மேலாக நிற்கும். ‘ஏறக்குறைய’ என்ற சொல்லை அவரிடம் உபயோகிக்கக் கூடாது. கணக்காபீஸில் முப்பது வருஷம் இருந்தவர்.

இந்தக் கலையில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் சண்டை விமானங்களையே நாடிப்போவார்கள். நம் சிற்பியாரோ பயிற்சி விமானத்தின் பக்தர். “அடித்தவனைப் பாடுகிறார்கள், ஸார், அடிக்கக் கற்றுக்கொடுத்தவனை யார் பாடுகிறார்கள்?” என்று கேட்பார். அவருடைய இஷ்டதெய்வம் டி ஹாவிலண்ட் வாம்பயரின் இரட்டை ஆசன வடிவம். இந்த வடிவம் 1950-ல் முதன்முதலாகப் பறந்தது. அதன் ஸ்தல புராணத்தைக் கேளாமல் நீங்கள் எழுந்துவர முடியாது. 1948-ல் இந்திய விமானப் படைக்கு வந்து சேர்ந்த முதல் ஜெட் விமானம் வாம்பயர்தான் என்பதையும், பிற்பாடு பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையிலேயே அது உற்பத்தியானது என்பதையும், குருவும் சிஷ்யனும் முன்னும் பின்னுமாக இல்லாமல் தோளோடு தோள் உட்கார்ந்து அதன் இரட்டை ஆசன வடிவத்தில் பறந்தார்கள் என்பதையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பரம ரகசியத்துக்கு வருவார்.

“விமானி உட்காரும் நடுவுடல் இருக்கிறதே, அது மரம், ஸார்! ஒட்டுப்பலகைக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டியது!”

பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டு விமானம் செய்யும் அதே பால்சாவினால் நிஜ விமானத்தைக் கட்டினார்கள் என்பதும், அந்த நிஜ விமானத்தின் பிரதியை இவர் பிளாஸ்டிக்கில் கட்டுகிறார் என்பதும், இந்த விவகாரத்தில் எது விளையாட்டு, எது நிஜம் என்ற வேதாந்த விசாரத்தைக் கேட்பவர் மனத்தில் கிளப்பிவிடக் கூடியவை. சிற்பியார் அதற்கு இடங்கொடுக்காமல் இரட்டை வாலுக்குத் தாவிவிடுவார். அந்தக் காலத்து ஜெட் எஞ்சினுக்கு வலு குறைவு. நீண்ட குழாய் வழியாகப் புகையைத் தள்ளினால் பாதி சக்தி வழியிலேயே செலவாகிவிடும் என்று பயந்து, குழாயைக் குட்டையாக நறுக்கி, வாலை இரண்டு கம்பங்களின் முனையில் தூக்கி வைத்தார்கள் என்பார்.

வேலையில் அவர் காட்டும் சிரத்தை வீட்டாருக்கு வியப்பையும் வேதனையையும் ஒருங்கே தருவது. விமானியறைக்குள் கடுகளவு கடிகாரங்கள். அந்தக் கடுகின் நடுவே, ஒற்றை மயிர்த் தூரிகையால், மூச்சை அடக்கிக்கொண்டு வெள்ளை முள் வரைவார். ஆசனத்துக்குத் தோல்வார் உண்டு. வாருக்குக் கொக்கி உண்டு. இவ்வளவும் முடிந்தபின், உடலின் இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டி, கண்ணாடிக் கூண்டையும் மேலே கவிழ்த்துவிட்டால், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் உள்ளே இருட்டுதான் தெரியும்.

அதைவிடப் பெரிய சங்கடம் மூக்கில் இருக்கிறது. முன்சக்கரத்தை ஊன்றி நிற்க வேண்டிய விமானம், இரண்டு வால்களின் கனத்தினால் பின்பக்கம் சாய்ந்து, சாப்பிட்டவுடன் திண்ணையில் சரிந்த பெரிய மனிதரைப் போல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிடும். ஆகவே, ஒட்டுவதற்கு முன்பே மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளைத் திணித்தாக வேண்டும். அந்தக் குட்டி மூக்கில் அவ்வளவு ஈயத்துக்கு இடம் ஏது? ஈயத்தைச் சுத்தியால் தட்டி, சீவி, ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால்கூடச் செருகுவார். தூண்டில் வாங்காமல் வாரந்தோறும் ஈயக்குண்டு மட்டும் வாங்கும் இவரைப் பற்றிக் கடைக்காரருக்கு என்ன அபிப்பிராயம் என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

சக்கரக் கதவொன்று இடுக்கியின் நுனியிலிருந்து துள்ளி விழுந்துவிட்டாலோ, “யாரும் அசையாதீர்கள்!” என்று ஒரு கட்டளை பிறக்கும். உடனே வீடு முழுவதும் ஸ்தம்பித்துவிடும். தாளிக்கும் வீட்டு அம்மாள் கரண்டியும் கையுமாக அப்படியே நிற்க, அடுப்பில் கடுகு கருகும்; சிற்பியார் டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வருவார். பெருக்குகிற பெண்மணியின் முறம் அவருடைய பரிசோதனைக்கு உட்படாமல் வாசலைத் தாண்ட முடியாது.

வர்ணம் என்று வந்துவிட்டால் அது தனிக் காண்டம். வெள்ளி நிறத்துக்கு ஒரு துர்க்குணம் உண்டு: மற்ற நிறங்கள் குற்றத்தை மறைக்கும், வெள்ளி அதைத் தண்டோராப் போடும். உப்புத்தாள் இழுத்த மயிரிழைக் கீறலும் வெள்ளியின் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். ஆகவே பட்டி வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடியும் பட்டி வைத்து, மறுபடியும் தேய்த்து, அதன் பிறகு எந்த வெள்ளி என்ற பிரச்னையில் இறங்குவார். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய வெள்ளியா, வெயிலிலும் மழையிலும் நின்று மங்கிய வெள்ளியா? ஒரு பட்சம் முழுவதும் இந்த விசாரம் நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான், காரை பெயர்ந்து கிடந்த கூடத்துச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஆள், “என்ன கலர் அடிக்கணும், ஐயா?” என்று கேட்டான். “ஏதாவது ஒன்று அடியப்பா” என்றார், தலையை நிமிர்த்தாமலே. ஆனால் மேஜையைக் கூடத்திலிருந்து நகர்த்தச் சம்மதிக்காததால், வந்தவன் வாளியோடு திரும்பிப் போய்விட்டான்.

விமானப் படைச் சின்னமான ஆரஞ்சு, வெள்ளை, பச்சை வட்டங்களைக் காகிதத்திலிருந்து கழற்றுவதற்குத் தண்ணீர் வேண்டும். அதற்குக் காப்பி டபரா பறிமுதல் செய்யப்படும். பக்கத்திலேயே காப்பியும் இருக்கும். தூரிகை காப்பியிலும், உதடு வர்ணத் தண்ணீரிலும் போய் விழுவது அன்றாட நிகழ்ச்சி. எல்லாம் பளபளவென்று முடிந்தபின் அதை அழுக்காக்குவது கடைசிக் கட்டம். எஞ்சின் வாயருகில் கரி, சக்கரத்தில் மண், மூட்டுகளில் எண்ணெய்க் கசிவு. துணியிலிருந்து இதே அழுக்கைப் போக்கப் புழக்கடையில் அம்மாள் படும் பாட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல, அதை உண்டாக்கக் கூடத்தில் இவர் படும் பாடு.

இவ்வளவுக்கும் பிறகு வருகிற விருந்தினர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றேதான்: “இது பறக்குமா?” சிற்பியார் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, “பறக்காது” என்பார். “அப்படியானால் எதற்கு?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். ஒருவரும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த பேரேட்டிலும் காலணா பிசகாமல் கூட்டிப்போட்ட மனிதர் இவர். மூடப்போகிற விமானியறையில் முள் வரைவதும் அதே உத்தியோகந்தான். என்ன, இதற்குச் சம்பளம் இல்லை, மேலதிகாரியும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் தேசத்தில் இன்னும் நாலு பேர் இருந்தால், பாலங்கள் சிறிது அதிக காலம் நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் பரணில் அடுக்கியிருந்த பிரிக்காத விமானப் பெட்டிகளையும், பிறகு கூடத்துச் சுவரையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வாஸ்தவந்தான். இந்த வீட்டையும் யாராவது எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால், தீபாவளிக்குள் வெள்ளையடித்துவிடுவார்.”